அடிக்கோடு

ஜாலான் டூத்தா கோர்ட்டுக்கு என்றேன்.
"என்ன கேஸ்மா?" என்றார் டாக்சிக்காரர்,
என் கறுப்புக் காற்சட்டையையும்
இஸ்திரி போட்ட சட்டையையும்
கண்ணாடியில் பார்த்துவிட்டு.
நீதிமன்றம் வேறு, பந்தடிக்கிற கோர்ட் வேறு
என்று விளக்குவதற்குள் சிவப்பு விளக்கு பச்சையானது.
"விவாகரத்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வார நாட்களில் செந்தூலில் வங்கி.
சனி ஞாயிறில் கழுத்தில் சங்கத்தின் அட்டை:
பரிமளா, கோட்டு நடுவர்.
நாளொன்றுக்கு அறுபது வெள்ளி,
ஒரு பொட்டலம் நாசி லெமாக்,
வெந்நீராகிப் போன ஒரு போத்தல் தண்ணீர்.

பேச எனக்குக் கிடைத்த முக்கியமான சொல் ஒன்றுதான்.
அவுட்.
பந்து உள்ளே விழுந்தால் வாய் திறக்கக் கூடாது;
இரண்டு கைகளையும் தரை பார்த்து விரிக்க வேண்டும்,
தொட்டிலில் பிள்ளை தூங்குகிறது என்பதுபோல.
பார்க்க முடியாமல் போனால்
அதற்கும் சைகை உண்டு.
கைகளைக் கண்ணுக்குக் கீழே உயர்த்திக் காட்டினால்
நடுவர் புரிந்துகொள்வார், யாரும் திட்ட மாட்டார்கள்.
எனக்குத் தெரியாது என்று
வெட்கமில்லாமல் சொல்ல முடிகிற இடம்
இந்த ஊரில் எனக்கு அது ஒன்றுதான்.
பதினோரு வருடத்தில் நான்கு முறை காட்டியிருக்கிறேன்.

பதினாறு வயதுக்குட்பட்டோர், தேசிய இறுதி, பெண்கள்.
மூன்று மணிக்கு மழை.
பஞ்சு உருளை தள்ளிய பையன்கள்
துண்டைப் போட்டு முழங்காலில் நின்று துடைத்தார்கள்.
தலைமை நடுவர் ஒரு பந்தைத் தட்டிப் பார்த்தார்,
இன்னொரு பந்தைத் தட்டிப் பார்த்தார்,
ஐந்தே காலுக்குத் தலையாட்டினார்.

சுங்கைப் பட்டாணி கிருத்தனா. எதிரில் ஈப்போ சியூ மிங்.
கடைசி செட், டைபிரேக், ஆறுக்கு ஐந்து,
கிருத்தனாவுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி.
அவள் அடித்த பந்து என் கோட்டை நோக்கி வந்தது.
சியூ மிங்கின் காலணி குறுக்கே வந்தது.
பந்து, காலணி, சத்தம்.
என் கை ஏற்கெனவே நீண்டிருந்தது.
அவுட் என்றது என் குரல்.

களிமண்ணாக இருந்தால் தடம் இருக்கும்.
இது நீலச் சாயம் பூசிய சிமெண்ட்,
யாருக்கும் சாட்சி சொல்லாது.
உயர நாற்காலி நடுவர் மறுக்கவில்லை.
கிருத்தனா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
பிறகு மட்டை நரம்புகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.
எட்டுக்கு ஆறு.

கார் நிறுத்துமிடத்தில் அவள் அப்பா,
"நம்ம ஆளா இருந்துகிட்டு..." என்றார்.
மிச்சத்தை மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு.
காலையில் அட்டவணையில் அந்தப் பெயரைப் பார்த்ததும்
நாளைக்கு ஒருவர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று
நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
மாலை ஆறு மணிக்கு விழப்போகும் பந்தை
அந்த நிமிர்வு
எத்தனை அங்குலம் வெளியே தள்ளியது?

அலுவலகத்தில் ஒரு பாரம் நிரப்பச் சொன்னார்கள்.
சந்தேகத்துக்குரிய முடிவுகள் ஏதும்?
தியாடா என்று எழுதினேன். இல்லை.
வங்கிப் பழக்கம்,
அதன் கீழே நேராக ஒரு கோடும் இழுத்தேன்.

வெளியே மறுபடி மழை.
மூன்றாம் கோர்ட்டில்
யாரும் துடைக்க வரவில்லை.
தண்ணீர் முதலில் ஓரத்தில் தேங்கி
பிறகு என் பக்கத்துக் கோட்டை மூடிக்கொண்டது.