நிறுத்தம்

ஜாலான் அம்பாங், பன்னிரண்டாம் மாடி.
பெயர்ப்பலகை வேண்டாம் என்றார்கள், எடுத்தேன்.
கொடி வேண்டாம். எடுத்தேன்.
மேசை நடுவே இருந்த பூச்சாடியைப் பற்றி
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அதையும் எடுத்துவிட்டேன், எதற்கு வம்பு.

மூன்று நாளாக ஒரே சொல்.
என் தமிழில் சொன்னால்
இவர்களுக்கு நிறுத்தம்,
அவர்களுக்கு இடைநிறுத்தம்.
முன்னால் இரண்டெழுத்து ஒட்டுமா ஒட்டாதா
என்பதில் இருக்கிறது
ஆற்றோரப் பள்ளிக்கூடம்
திங்கட்கிழமை திறப்பது.
மொழிபெயர்க்கும் ஹஸ்னாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.
'முன்னேற்றம் இல்லை' என்று தட்டச்சினேன்,
அழித்து, 'பேச்சு தொடர்கிறது' என்றேன்.
சம்பளம் இதற்குத்தான்.

ஆறு மணி மழை.
கிராப் கிடைக்கவில்லை.
பேருந்துக் கூரையடியில் ஒதுங்கினால்
பக்கத்தில் அக்கரைத் தளபதி,
நனைந்த செருப்பைக் கையில் பிடித்தபடி.
மகளுக்கு ஜியோமெட்ரி பெட்டி வாங்கினாராம்,
சட்டைக்குள் வைத்திருந்தார்.
எதிர்ச்சாரியில் கர்னல்,
ஹோட்டல் குடையோடு,
கடக்கலாமா என்று
இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு.

"இது என்ன நிறுத்தம்?" என்றார் தளபதி, மலாயில்.

பலகையை நிமிர்ந்து பார்த்து
இடத்தின் பெயரை மட்டும்
படித்துச் சொன்னேன்.