பற்றுச்சீட்டு

மூதூர்ப் படகுக்கு ரிக்கற் கிழித்த கை என்பதால்
என்னைப் பதிவு மேசையில் இருத்தினார்கள்.
சீனக்குடா, காட்டுக்குள் ஓர் எண்ணெய்த் தாங்கி.
எண்ணெய் போய்ப் பதினொரு வருடம்,
மணம் மட்டும் போகவில்லை.
கதவென்று வெட்டிய ஓட்டையால்
வெயில் ஒரு பாயளவு விழும்.
அந்தப் பாயில் நின்றுதான் பெயர் சொல்ல வேண்டும்.

வானத்துக்குப் போகிற கப்பல்
எங்கள் துறைமுகத்தில் ஏன் இறங்கியது என்று கேட்டோம்.
ஆழம், என்றார் கப்டன்.
சிரித்துவிட்டோம்.
எத்தனை கொடிக்காரர் சொன்ன அதே சொல்.

கேள்வித்தாள் மேலிருந்து வந்திருந்தது.
வெல்டிங் தெரியுமா.
பல் எத்தனை மிச்சம்.
இருட்டில் தொடர்ந்து எத்தனை நாள் இருந்திருக்கிறீர்.
ஒரே அறையில் பதினேழு பேரோடு
சண்டையில்லாமல் எவ்வளவு காலம்.

"நாளிலயோ வருசத்திலயோ எழுதப் போறீர்?"
என்று கேட்டார் சம்பூர் கனகேந்திரன்.
பங்கருக்குள் ரேடியோ திருத்தியவர்.

கிண்ணியா றிஸ்வியாவுக்குப்
பாண் போறணை போடத் தெரியும்,
கடற்பாசியிலும் மா அரைப்பாள்.
அவளுக்கு ஒரு கேள்விதான்: அங்கே கிப்லா எந்தப் பக்கம்?
கப்டன் ஒரு பின்னேரம் முழுக்க யோசித்துவிட்டு
வந்து சொன்னார்: பின்னுக்கு.
எப்போதும் பின்னுக்கு.
அவள் தலையாட்டினாள், கையெழுத்து வைக்கவில்லை.

இதற்கிடையில் கோட்டைப் பக்கத்து மான்கள்
நாற்பது படிவத்தைத் தின்றுவிட்டன.
அந்த நாற்பது பேரும் திரும்ப வந்து
வேறு பதில்கள் எழுதினார்கள்.

மூன்றாம் நாள் ஒருவரும் உள்ளே வரவில்லை.
ஈச்சம்பற்றை ஓரம் நிற்கிறார்கள்,
முந்நூறு பேர் இருக்கும்,
பாய் வெறுமனே கிடக்கிறது.
சாப்பாடு போதாதா, என்றார் கப்டன்.
சாப்பாடு இல்லை ஐயா.
இந்த ஊரில் மேசை போட்டுப் பெயர் கேட்டவர்கள்
முந்தியும் வந்தார்கள்.
பெயர் சொன்னவன் பஸ்ஸில் ஏறினான்.
பஸ் திரும்பி வந்தது.

அப்போதுதான் பரிபூரணம் உள்ளே வந்தாள்.
அறுபத்தொன்று. உப்புவெளியில்
கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்கும் மெஷின்
மூன்று தரம் செத்தது,
மூன்று தரமும் எழுப்பியவள் இவள்.
கப்டன் எழுந்து நின்றார்.

"வாறன்," என்றாள். "துண்டு தாங்கோ."

என்ன துண்டு?

"என்னை எடுத்ததுக்கு.
இன்ன திகதி, இன்ன நேரம்,
பரிபூரணம் எண்ட மனிசி
உயிரோட, சுகத்தோட, தன்ர காலால நடந்து ஏறினவள் எண்டு.
பொறுப்பெடுத்தவற்ர பெயர்
வாசிக்கக்கூடிய எழுத்தில. கிறுக்கல் வேண்டாம்.
என்ர தம்பிக்கு நான் கேக்கேல்லை.
கேக்கோணும் எண்டு எனக்கு அப்ப தெரியாது."

விதிப்புத்தகத்தில் அப்படியொரு படிவம் இல்லை.
கப்டன் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார்.
"அப்ப தண்ணியும் இல்லை," என்றாள்.

பழைய படகு ரிக்கற் புத்தகம் என் பையில் கிடந்தது.
மூதூர், ஒருவழி, ஆள் ஒன்று.
மூதூரை வெட்டினேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை, வெறுமையாக விட்டோம்.
கப்டன் பெயரைக் குண்டு குண்டாய் எழுதினார்,
பள்ளிப் பிள்ளைபோல.

அவள் வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்து,
என்னிடமே நீட்டினாள்.
"நீர் வைச்சிரும்.
ஆரும் தேடி வந்தால் காட்டும்."
அவளைத் தேடி வர ஒருவருமில்லை
என்பது அவளுக்கும் தெரியும்.

பிறகு வரிசை தாங்கியைச் சுற்றி வளைந்தது.
பின்னேரம்வரை கிழித்தேன்.
அந்தச் சத்தம் என் விரலுக்கு மறந்திருக்கவில்லை.
கடைசியில் றிஸ்வியாவும் வந்தாள்,
ஒன்றும் கேட்காமல்.

எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்றார் கப்டன்.
அடிக்கட்டைகளைக் காட்டினேன்.
அவர் பிறகு வற்புறுத்தவில்லை.

விடியற்புறம் துறைமுகத் தண்ணீர்
ஒருதரம் மேலெழுந்து, கரை ஏறி, இறங்கியது.
முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்
ஒரு பிஸ்கற் பெட்டிக்குள்.

மான்கள் வருகிற நேரம்.
பெட்டியை எடுத்து உயரத்தில் வைத்தேன்.