வெற்றுக் குப்பி

காலை ஏழுக்குப் பிளாஸ்மா பற்றிக்கொண்டது,
சூரியனின் மேற்தோலைவிடச் சூடு, ஒரு விரல் நீளத்தில்.
டர்பன் இந்தப் பக்கத்துக்கு மின்வெட்டு பத்து மணி என்கிறது பட்டியல்.
அதற்குள் கோடு போட்டாக வேண்டும்.

கோடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
ஈயம் எவ்வளவு என்று நானே அளந்து ஊற்றிய ஐந்து குப்பிகள்:
ஒன்று, ஐந்து, பத்து, ஐம்பது, நூறு.
நூறு கோடித் துளியில் இத்தனை துளி.
கருவி அணுக்களை எண்ணும், நான் புள்ளிகளைச் சேர்ப்பேன்.
தெரிந்ததைக் காட்டித் தெரியாததைப் பேசவைக்கும் வேலை.

ஐந்துக்கும் முன்னால் ஓடுவது வெற்றுக் குப்பி.
அமிலம், நீர். அவ்வளவுதான்.
அதில் ஈயம் இருக்கக் கூடாது.
இருந்தது.

நீரை மாற்றினேன். அமிலத்தை, கையுறையை, குழாயை.
ஆர்கான் உருளையைக்கூட ஒருமுறை முறைத்துப் பார்த்தேன்.
ஒவ்வொரு தடவையும் பூஜ்யம்
வேறொரு பொய் சொன்னது.

தண்டேகா காபிக் கோப்பையோடு கதவுக்கு வெளியே நின்றாள்.
"சரோஷினி, நெற்றி" என்றாள்.

பத்து நாளாய் இசிபிங்கோ மாரியம்மன் வாசல்.
நேற்றுப் புனித வெள்ளி, ஊரே அங்கேதான்.
வகிட்டோரம் அப்பியிருந்த குங்குமம்
குனியும்போதெல்லாம் ஒரு துகள் உதிர்த்திருக்கிறது.
கண்ணுக்கு அகப்படாதது கருவிக்கு அகப்பட்டது.

வெட்கம் வரவில்லை. சந்தோஷம் வந்தது.
காரணம் நாற்பத்தொன்று.

நாலு வயது. பிளஃப். தாளின் ஓரத்தில் நர்ஸின் கிறுக்கல்:
அப்பா மீன்பிடிக்கிறார்,
தூண்டில் குண்டு வீட்டு அடுப்பில்தான் வார்க்கிறார்.
வியாழனன்று அந்த ரத்தம் நூறையும் தாண்டிப் போனது,
கோடு முடிந்த வெளிக்கு.
அங்கே கோட்டை நீட்டிப் படிக்கக் கூடாது, அது சோதிடம்.
வியாழனின் வெற்றுக் குப்பியும் சற்று உயரம்தான்.
பார்த்தேன். விட்டுவிட்டேன்.
அன்றும் இதே நெற்றி.

ஆகவே ஒருவேளை அது நானாக இருக்கலாம்.
நானாகவே இருக்கட்டும் என்று
முகத்தை மூன்று முறை கழுவினேன்,
முடியைத் தொப்பிக்குள் திணித்தேன்.

வெற்றுக் குப்பி இறங்கியது, தரைவரை.
ஐந்து புள்ளிகளும் முறுக்கிய நூல்போல்:
பூஜ்யம் புள்ளி, பிறகு நான்கு ஒன்பதுகள்.
நாற்பத்தொன்றைப் பத்து மடங்கு நீர்த்துப் போகவைத்தேன்.
கோட்டின் நடுவில் அடக்கமாக வந்து உட்கார்ந்தது.
பத்தால் பெருக்கினேன்.

வியாழனைவிட இரண்டு குறைவு.
இரண்டே இரண்டு.
என் குங்குமத்தின் பங்கு அவ்வளவுதான்.

பத்துக்கு விளக்குகள் போயின.
பிளாஸ்மா ஒரு பெருமூச்சுகூட விடவில்லை.
அச்சிட்ட தாள் கையில் இருந்தது.
கைபேசி வெளிச்சத்தில் கிளினிக் எண்ணைத் தேடி அழைத்தேன்.
விடுமுறை நாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

காத்திருக்கையில்
பையிலிருந்த குங்குமப் பொட்டலத்தை எடுத்து
மார்க்கரால் அதன்மேல் எழுதினேன்,
வரிசையில் அடுத்த எண்:
அறுபத்தொன்று.