ஈரப்பதம்

காலி லாரி எட்டு டன் நானூறு.
நிறைந்து வரும்போது இருபத்திரண்டு, சொச்சம்.
கழித்தால் வருவது குப்பை.
என் வேலையில் இதற்கு மேல் கணக்கு கிடையாது.

பாமணியாற்றங்கரையில்
இருபது வருஷத்து மலையைச் சலித்துக்கொண்டிருக்கிறோம்.
உருளும் சல்லடைக்குப் பொறுப்பு சுக்தேவ், ஒடிசாக்காரன்.
மண் ஒரு பக்கம் கொட்டும், கல் ஒரு பக்கம்.
எரியக்கூடியது தனி:
சேலை, ஒற்றைச் செருப்பு, பால் கவர், உரச்சாக்கு,
ஆறாம் வகுப்பு பி பிரிவு என்று
இன்னும் அழியாத எழுத்தோடு ஒரு பள்ளிக்கூடப் பை.
கட்டாகி அரியலூர் போய்
சிமெண்டுச் சூளையில் எரியும்.
அந்தச் சிமெண்டில் யாரோ வீடு கட்டுவார்கள்.
அங்கேயும் வாசலில் இரண்டு வாளி வைப்பார்கள்,
பச்சை ஒன்று, நீலம் ஒன்று.

கம்பெனியின் பங்கு ஒரே வருஷத்தில் இரண்டு மடங்காம்.
இன்ஜினியர் அமுதவாணன் செல்போனில் காட்டினார்.
கோடு ஏறிக்கொண்டே போனது.
எங்கள் மலையைக் கிழக்கே நின்று பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும்.

தையல்நாயகிக்குப் பங்கு தெரியாது.
பெட் பாட்டில் விலை தெரியும்.
ஆடியில் கிலோ முப்பத்தெட்டு,
புரட்டாசியில் இருபத்தொன்று.
எங்கேயோ ஒரு துறைமுகம் கதவைச் சாத்திவிட்டது,
எங்கேயோ கச்சா எண்ணெய் மலிந்துவிட்டது,
புதுப் பிளாஸ்டிக்கே பழசைவிடச் சல்லிசு என்கிறார்
கொரடாச்சேரி காயலான் கடைக்காரர்.
"நான் எப்பவும்போலத்தானே பொறுக்குனேன்" என்றாள்.
மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி கையுறை.
இடது கைதான் முதலில் கிழிகிறது, ஏனென்று தெரியவில்லை.

ஐப்பசி மூன்றாம் நாள் மழை பிடித்தது.
ஒரு வாரம் விடவில்லை.
அதே லாரி, அதே உயரம்,
தார்ப்பாய்க் கயிற்றில் அதே முடிச்சு,
பதினாலு டன் பதினெட்டாகிவிட்டது.
கேட்டேன்.
"டன்னுக்குத்தாம்மா காசு.
மேடை காட்டுறதை எழுதுங்க."
எழுதினேன்.
பின்சக்கரத்தின் மேல் ஒழுகிக்கொண்டிருந்தது
வண்டி மேடையை விட்டு இறங்கும்வரை.

மேலே மழை. அடியில் வாய்க்கால் ஊற்று.
மேட்டூரில் டி.எம்.சி.யாக எண்ணி
கோர்ட்டில் வருஷக்கணக்கில் வாதாடி
கல்லணையில் பூவும் நெல்லும் தூவி
முறைவைத்துக் கடைமடைக்குத் தள்ளிய தண்ணீர்
அதற்குள் எவ்வளவோ.
நாலு டன் காவிரி,
ரசீது எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு,
பொருள்: கழிவு.

அண்ணன் வைரக்கண்ணு ஒன்பது நாளாகக் கொள்முதல் நிலையத்தில் கிடக்கிறான்.
குறுவை நெல், நூற்றுப் பத்து மூட்டை.
கருவிக்குள் ஒரு கை நெல்லைப் போட்டால்
சிவப்பில் எண் வரும்.
பதினேழுக்குள் வந்தால் வாங்குவார்கள்.
இருபத்திரண்டு வந்தது.
வெயில் எட்டிப்பார்த்த அன்று
மன்னார்குடி சாலையில் பாதியை மறித்துக் காயவைத்தான்,
கல் வரிசை வைத்து, காலால் கிளறிக் கிளறி.
பத்தொன்பது.
மறுபடி தூற்றல்.

சோறு கொண்டுபோயிருந்தேன்.
எங்கள் வண்டி ஒன்று அரியலூருக்குப் போனது.
எதிரே பஸ், ஒதுங்க வேறு இடமில்லை,
நெல்லின் ஓரத்தில் ஏறி இறங்கியது.
சக்கரம் போன தடத்தில்
கறுப்பாகச் சொட்டுச் சொட்டாய்.
அண்ணன் கத்தவில்லை.
அந்த நெல்லை மட்டும் முறத்தால் தனியாக ஒதுக்கினான்.
அப்புறம் கேட்டான்:
"ஒங்க எடத்துல ஈரம் பாக்குற மிஷின் இல்லியா?"

"இல்லண்ணே."

"அப்ப அங்க கொண்டாந்து போட்டுரட்டா?"

சிரிக்கத்தான் கேட்டான்.
நான் தூக்குவாளியைத் திறந்தேன்.
குழம்பு ஆறியிருந்தது.

மறுநாள் காலை முதல் வண்டி.
ஓட்டுநர் இறங்கிப் பீடி பற்றவைத்தார்.
டயர்ப் பள்ளங்களில் சேறு,
சேற்றில் பதிந்து நெல், சில முளைவிட்டு.
திரையில் எண் ஆடி நின்றது.
காலி லாரி எட்டு டன் நானூற்று இருபது.
கழிக்க வேண்டிய எடை.
எழுதினேன்.