மின்வாய் சொன்னது

தார்ட்டுவில் ஜனவரி. மைனஸ் இருபத்திரண்டு.
விடியும் முன்னே நகராட்சி வண்டி
சாலைக்கு உப்பிட்டுப் போகிறது.
பனியை உருக்கத்தான்; ஆனால் இந்தக் குளிரில்
உப்புக்கும் கை விறைத்துவிடும்.

என் குடுவையில் இருப்பது
தானே உருகிக் கிடக்கும் உப்பு.
ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.
அறைச் சூட்டில் தேனைப்போல அசைகிறது.
நாக்கில் வைக்கலாமா என்றார் அக்கா கணவர் ரைவோ.
வையுங்கள், ரசீது பின்னால் வரும் என்றேன்.

அதற்குள் கோபால்ட்.
மூன்று ஈனிகள், ஆளுக்கு இரண்டு பிடி,
ஆறு திசையிலும் அதை வளைத்திருக்கின்றன.
அணைவுச் சேர்மம் என்று பெயரிட்டவர்
யாரையோ அணைத்துப் பழகியவராக இருக்க வேண்டும்.

தண்ணீராக இருந்தால் ஓடி வரும்,
மின்வாயில் ஒரு எலக்ட்ரானை வாங்கும், ஓடிப் போகும்.
இங்கே அப்படியில்லை.
கூட்டத்தில் எல்லோரும் மின்சுமை தூக்குகிறவர்கள்.
ஒருவரை விலக்கினால் இன்னொருவர் ஒட்டிக்கொள்வார்.
தோளால் இடித்து,
மன்னிப்புக் கேட்டு,
மறுபடி இடித்து
வர வேண்டும்.
நானும் அவசரப்படுத்துவதில்லை.
விநாடிக்கு ஒரு மில்லிவோல்ட்.
கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்று
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும்
திரையில் கோடு பாதிதான் போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை அது வந்தது.
கோபால்ட்டின் முதல் இறக்கத்துக்கு அப்பால்
சின்னதாக ஒரு முகடு.
திரும்பும் வழியில் அதற்கொரு ஜோடி.
போனது அப்படியே வந்தது.

ஃபெரோசீன் போட்டு அளந்தேன்.
இந்தத் திரவங்களில் பூஜ்யம் எங்கே என்று
இரண்டு ஆய்வகங்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.
அதனால் இந்த ஆரஞ்சுத் தூளிலிருந்து தூரம் சொல்வோம்,
வழி கேட்பவருக்கு
தேவாலயக் கோபுரத்தைக் காட்டுவதுபோல.
ஒன்றேகால் வோல்ட் கீழே.
யாரிடமும் சொல்லவில்லை.
கட்டுரைக்குத் தலைப்புகூட எழுதிப் பார்த்தேன்,
இரண்டு முறை, பென்சிலால்.

வெள்ளியன்று, மனம் கேட்காமல்,
வெறும் உப்பை மட்டும் வைத்து ஓட்டினேன்.
கோபால்ட் இல்லை.
முகடு இருந்தது.
கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது.

ஆக்சிஜன்.
ஒரு எலக்ட்ரானை வாங்கும், திருப்பித் தரும்.
தண்ணீரில் அதை நம்பிக் கடன் கொடுக்க முடியாது;
இந்த வறண்ட உப்பில்தான் இத்தனை நாணயம்.
ஆனால் ஆர்கான் நிறைந்த பெட்டிக்குள் எப்படி?
காற்றை அளக்கும் கருவியைத் தட்டிப் பார்த்தேன்.
அக்டோபரிலிருந்து பூஜ்யமே காட்டுகிறது.
அது செத்ததை நாங்கள்
தூய்மை என்று எடுத்துக்கொண்டிருந்தோம்.

கையுறைகளைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தேன்.
வலது சுத்தம்.
இடதில், நான்காம் விரலின் அடியில்,
ஊசி நுனியளவு வெளிச்சம்.

இந்தப் பெட்டிக்குள் கை விடுகிறவர்கள் இருவர்.
நான் மோதிரம் போடுவதில்லை.
ஆன்னெலி
கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு வருகிறவள்,
இத்தனை வருடமாக.

மூன்று நாள் போனது என்று கோபம் வந்தது.
பிறகு அந்த ஓட்டையை
இன்னொரு முறை விளக்கில் பார்த்தேன்.
கல் சின்னதுதான் போலிருக்கிறது.

பதிவேட்டில் எழுதினேன்:
இடக் கையுறை. துளை. மாற்றப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

திங்களன்று வோருவிலிருந்து வந்தாள்,
கோட்டுப் பைக்குள் கையோடு.
உனக்கு ஒரு விஷயம் சொல்லணும்.
தெரியும்.
யார் சொன்னது?
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

வெகுநேரம் பார்த்தாள்.
காது மடல் சிவந்தது.
எத்தனை வோல்ட்டில் என்றுதான் முதலில் கேட்டாள்.
சொன்னேன்.
மீளுமா?

மீளும் என்றேன், பழக்கத்தில்.
முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான்
அவள் கேட்டது எதை என்று
எனக்கே சந்தேகம் வந்தது.