கல்லின் முதுகு

மாத்தளைக்கு வடக்கே பள்ளத்துக் கோயிலை
அணைத் தண்ணீர் வருமுன் பிரித்தார்கள்.
எண் எழுதும் வேலை எனக்கு.
நாட்கூலி; ஞாயிறென்றால் ஒன்றரைப் பேர்.

கிழக்குச் சுவருக்குக் 'கி', தெற்குக்குத் 'தெ'.
அதிட்டானத்தின் அடிவரியில் தொடங்கி
கபோதத்தின் வளைவு வரை
முகத்தில் சுண்ணக்கட்டி,
இறக்கிய பின் முதுகில் வெள்ளைப் பெயின்ட்.

ஆயிரம் வருடம் எவரும் பார்க்காத
அந்த முதுகுகளில்
உளி நேர்த்தியாக ஓடவில்லை.
அவசரம் தெரிந்தது.
ஒரு கல்லில் மூன்று கோடு, ஒரு வட்டம்:
யாரோ தன் கூலிக்கு வைத்த அடையாளம்.
அதன்மேல் எழுத மனம் வராமல்
ஓரமாகத் 'தெ 47' போட்டேன்.

கூட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த முகத்தைக்
கயிற்றில் இறக்கும்போது
தென்னக்கோன் பாஸ் கத்தினார்,
"மெதுவா, மூக்கு, மூக்கு!"
பூதகணங்கள் தொந்தி குலுங்க
ட்ராக்டர் பெட்டியில் வைக்கோல்மேல் போயின.
தெற்கே உடையின்றிக் கலந்திருந்த இருவர்மேல்
உரச்சாக்கைப் போர்த்தச் சொன்னார் ஓவசியர்.
மத்தியானம் பார்த்தால் சாக்கு கீழே.
காற்றுதான் என்று சத்தியம் செய்தாள்
மண் சுமந்த பவளக்கொடி.

விமானம் பல்லவச் சாயல், உள்ளே புத்தர்
என்றார் அளவெடுக்க வந்தவர்.
இதைச் செதுக்கிய கை
எந்தத் துறையில் இறங்கியது,
எந்த மொழியில் சம்பளம் கேட்டது என்றேன்.
அவர் நாடாவைச் சுருட்டினார்.

அந்த வாரம்தான் அண்ணனுக்குக் கடுதாசி வந்தது.
மண்டபம் முகாம். குடும்ப அட்டையில் ஓர் எண்.
ஆறு பேர், ஒரு டிரங்குப் பெட்டி.
அம்மியை லயத்து வாசலிலேயே விட்டான், பாரமாம்.
குழவியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு
தலைமன்னார் ரயிலில் இருந்தான்.
அட்டையை வாங்கி இரண்டு தரம் படித்தேன்.
எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று
அதில் போட்டிருக்கவில்லை.

மேட்டில் கோயில் திரும்ப எழும்பியது.
என் எண்களெல்லாம் உள்ளே போய்
ஒன்றோடொன்று முதுகொட்டிக்கொண்டன.
கடைசியில் புல்லில் ஒரு கல் மிச்சம்.
காயுமுன் மழை பிடித்த பெயின்ட்,
எண் கரைந்து பால் சிந்தினாற்போல்.
பாஸ் சுவரை மூன்று சுற்றுச் சுற்றினார்.
இடைவெளி எங்குமில்லை.
"வாசலில் கிடக்கட்டும், கால் கழுவ ஆகும்."

புரட்டிப் பார்த்தேன்.
மூன்று கோடு, ஒரு வட்டம்.

சொல்ல வாயெடுத்தேன்.
அதன் இடத்தின்மேல் ஒன்பது வரி ஏறியிருந்தது.
பள்ளத்தில் தண்ணீர்
பழைய படிக்கட்டைத் தாண்டியிருந்தது.