கிடந்த கோலம்

அளவெடுத்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன்.
தப்பு அங்கேதான் தொடங்கியது.

ஒத்தக்கடை, மேலூர் ரோடு,
நாற்பது படுக்கை எலும்பு ஆஸ்பத்திரி.
முதல் மாடிச் சன்னலைத் திறந்தால்
யானைமலை, முழுசாக,
துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கிறது.
"பாதி வைத்தியத்தை இது பார்த்துக்கொள்ளும்" என்றேன்
டாக்டர் செல்வின் துரைராஜிடம்.
அவரும் நின்றபடிதான் தலையாட்டினார்.

சன்னல் விளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடி.
சுவருக்கு இளம்பச்சை.
கூரையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று
அதற்கு ஒரே கோட்டு வெள்ளை.

திறப்புவிழாவுக்கு முந்தைய வாரம்
லிஃப்ட் வாசலில் நின்ற ஸ்ட்ரெச்சரில்
விளையாட்டாகப் படுத்தேன்.
வார்டுபாய் நாகூர்கனி தள்ளிக்கொண்டு போனான்.
ஒரு டியூப்லைட்,
இன்னொரு டியூப்லைட்,
கண்ணைக் குத்தி, விலகி, குத்தி
பதினொன்று எண்ணினேன்.
பூச்சில் யாரோ கொத்தனாரின் உள்ளங்கைத் தடம்.
ஒன்பதாம் படுக்கையில் என்னைக் கிடத்தினான்.

சன்னலில் மலை இல்லை.
வெறும் வானம், குறுக்கே ஒரு கேபிள் ஒயர்.
நான் கட்டிய விளிம்புக்குக் கீழே
அவ்வளவு பெரிய யானை ஒளிந்துகிடந்தது.

கூடலழகர் கோயிலில்
இருந்த கோலம், நின்ற கோலம் தாண்டி
மேலே ஏறினால்தான் கிடந்த கோலம்.
எத்தனை தடவை ஏறியிருப்பேன்.
அங்கே படுத்திருப்பவருக்கு
என்ன தெரியும் என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.

சுவரை இடித்து
ஒன்றே முக்கால் அடி இறக்கினோம்.
காண்டிராக்டர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
விளக்குகளை ஓரம் தள்ளி
வெளிச்சம் சுவரில் விழத் திருப்பினோம்.
டிராலிச் சக்கரங்களுக்கு ரப்பர் போட்டோம்.
கொத்தனாரின் கையை மட்டும் அழிக்கவில்லை.

சித்திரையில் ஒன்பதாம் படுக்கைக்கு வந்தவர் மொக்கராசு.
மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்.
தொடை எலும்பில் கம்பி.
"மலை தெரியுதாண்ணே?" என்றேன்,
பெருமையை மறைக்கத் தெரியாமல்.

"தெரியுது. அது எங்கம்மா போகப்போகுது?
கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டா
பஸ் ஸ்டாப்பு தெரியுமுல்ல.
அவ உசிலம்பட்டியில ஏறி
ஆரப்பாளையத்துல மாறி
மாட்டுத்தாவணியில மறுபடி மாறி வரணும்.
அழகர் கூட்டம் வேற.
இடுப்புல பிள்ளை."

கட்டிலைத் திருப்ப வழியில்லை.
ஆக்ஸிஜன் குழாய், சுவிட்சுப் பலகை, அழைப்பு மணி
எல்லாவற்றையும் அந்தச் சுவரோடு
அறைந்து வைத்தவள் நான்தான்.

மறுநாள் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்
பஸ்ஸுக்கு மாட்டுகிற பக்கக் கண்ணாடி,
நானூற்றெண்பது ரூபாய்.
சலைன் கம்பியில் கட்டி,
எதிர் வராந்தாச் சன்னலைப் பிடிக்கும்படி
நாகூர்கனி வளைத்தான், இன்னும் கொஞ்சம் வளைத்தான்.
தீப்பெட்டி அகலத்துக்கு மேலூர் ரோடு வந்தது.
கரும்புச்சாறு வண்டி. இரண்டு ஆட்டோ.
ஒரு பஸ் நின்று, ஆளை இறக்கி, நகர்ந்தது.

நாலரை மணிக்கு
எறும்பளவு மஞ்சள் சேலை ஒன்று இறங்கியது.
"வந்துட்டா."
எங்களிடம் சொல்லவில்லை அவர்.

அன்றிரவு வலி ஊசி கேட்கவில்லையாம்.
"கண்ணாடியாலயா, அவ கொண்டாந்த
கருவாட்டுக் குழம்பாலயா,
நான் கையெழுத்துப் போட மாட்டேன்"
என்றாள் சிஸ்டர் ஜெயசீலி.

மொக்கராசு ஊன்றுகோலோடு போனதும்
அதே படுக்கைக்கு ஒரு பாலிடெக்னிக் பெண்.
ஸ்கூட்டியில் போனவளை லாரி தட்டியிருக்கிறது.
முழங்காலில் கட்டு, முகத்தில் பதினாறு தையல்.
மலையைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை,
கம்பியில் தொங்கியதில்
தன்னைப் பார்த்துவிட்டாள்.
"ஒரு துண்டு குடுங்க."

என் வண்டியில் இருந்ததைக் கொடுத்தேன்.
அவளே எட்டி மூடினாள்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கொக்கி,
கொக்கியில் ஈரிழைத் துண்டு.
வரைபடத்தில் துண்டுக்குக் குறியீடு கிடையாது,
பென்சிலால் எழுதியிருக்கிறேன்:
கொக்கி, படுத்தவர் கைக்கு எட்டும் உயரம்.
எத்தனை அடி என்று இன்னும் போடவில்லை.
ஒவ்வொருவர் வரும்போதும்
கழற்றி மாட்டுகிறான் நாகூர்கனி.
சுவரில் ஏழு ஓட்டைகள் ஆகிவிட்டன.